விளக்குப் போடாத பகற்காட்சி

தம்பி, நீ ஆள்வழியாகக் கொடுத்தனுப்பிய கடிதம் வந்தபோது நான் கொல்லையில் மரவள்ளிக் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று படித்தேன். படக்கொட்டகைத் தொழிலாளர் சங்கத்துக்கு உன்னைத் தலைவராக்கக் கோவிந்தசாமி மாமா எழுதிக் கேட்டிருக்கிறார் என்றும், ஊருக்கு வந்து அந்தப் பொறுப்பை ஏற்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அதற்குக் கீழே, எழுதலாமா வேண்டாமா என்று தயங்கிய கையெழுத்தில், இன்னொன்றும் கேட்டிருந்தாய். சிங்கப்பூரில் யாரோ ஒருவன், ‘மலாக்காவில் ஜப்பான்காரனின் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுத்ததே உன் அப்பன்தானே’ என்று உன் முகத்துக்கு நேராகச் சொன்னானாம். அது உண்மையா என்று கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைச் சொல்ல முடியாது என்று எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. இதை நீ மட்டும் படிக்க வேண்டும் என்பதில்லை. சங்கத்து ஆட்களுக்கும் வாசித்துக் காட்டு. நானும் ஒரு பிரதி எடுத்துக் கோவிந்தசாமியிடம் கொடுக்கப்போகிறேன்.

சங்கம் எப்படி ஆரம்பித்தது என்பது உனக்குக் கதையாகத் தெரியும். நீ அப்போது கைக்குழந்தை. தெங்கேரா பக்கத்துக் கொட்டகையில் உன் அப்பா மெஷின் ஓட்டத் தொடங்கிய புதிது. டிக்கட் வாங்காமல் பக்கக் கதவு வழியாக ஆட்கள் நுழைந்துவிடுகிறார்கள் என்று முதலாளி தவுக்கே காட்சி தொடங்கியதும் அந்தக் கதவுகளை வெளிப்பக்கம் பூட்டிவிடுவார். எல்லாக் கொட்டகையிலும் அதுதான் வழக்கம். ஒருநாள் மெஷின் அறையில் பிலிம் பற்றிக்கொண்டது. அந்தப் பிலிம் எப்படி எரியும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் தொழிலே அதுதான். உன் அப்பா ஈரச் சாக்கைப் போட்டுத் தீயை அந்த அறைக்குள்ளேயே அமுக்கிவிட்டார். தீயில் யாரும் சாகவில்லை. புகையைப் பார்த்ததும் பதறி யாரோ விளக்கைப் போட்டார்கள்; கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து பக்கக் கதவுக்கு ஓடியது; கதவு பூட்டியிருந்தது. செத்தவர்கள் அங்கே, அந்தக் கதவடியில், மற்றவர்களின் காலடியில் செத்தார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். கை முழுக்கக் கொப்புளத்தோடு வீட்டுக்கு வந்த உன் அப்பா, உன்னைத் தூக்கச் சொல்லி நான் நீட்டியபோது வாங்கவில்லை. கை எரிகிறது என்றார். கைக்காக மட்டும் அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம்தான் மெஷின் ஓட்டுகிறவர்கள், வாசலில் நிற்கிறவர்கள், விளம்பரப் பலகை எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். கூலி கேட்டுச் சேரவில்லை. காட்சி நடக்கும்போது கதவைப் பூட்டக்கூடாது, சாவி எங்கள் ஆளிடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் மெஷின் ஓடாது. அது ஒன்றுதான் கோரிக்கை. தவுக்கேமார்கள் சிரித்தார்கள். மலாக்காவில் ஒரு கொட்டகையிலும் மெஷின் ஓடாமல் நின்ற பிறகு சிரிப்பு நின்றது. விதிகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். மதராஸ் போய்க் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள் வீட்டில் இருக்கிறாளே என்று. “டீச்சரம்மா, ரொம்ப இலக்கணமா எழுதிடாதீங்க, அப்புறம் நாங்களே மீறிடுவோம்” என்று வேலாயுதம் கேலி செய்தார். விளம்பரப் பலகை எழுதும் வேலாயுதம் மாமாவை உனக்கு நினைவிருக்கும். நான் எழுதியவற்றில் ஒன்று, கூட்டத்தில் தலைவர் கடைசியாகத்தான் பேச வேண்டும் என்பது. அதை உன் அப்பாவே கேட்டு எழுதச் சொன்னார். “நான் மொதல்ல வாயத் தொறந்தா இவனுங்க யாரும் தொறக்க மாட்டானுங்க. எனக்குத் தெரியும் இவனுங்கள” என்றார். அவரைத் தலைவராக்கினார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எதிர்ப்பே இல்லாமல் அவரையே ஆக்கிக்கொண்டிருந்தார்கள். நமக்கு அது பெருமையாக இருந்தது. உன்னையும் அப்படி எதிர்ப்பில்லாமல் உட்காரவைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜப்பான்காரன் வந்தபோது நீ சிங்கப்பூரில் அகப்பட்டுக்கொண்டாய். இங்கே கொட்டகைகள் மூடி, பிறகு அவர்கள் உத்தரவில் திறந்தன. புதுப்படம் எங்கிருந்து வரும்? இருந்த பழைய தமிழ்ப் படங்களையே மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஓடி ஓடிப் பிலிம் முழுவதும் கீறல் விழுந்து, திரையில் எப்போதும் மழை பெய்வதுபோல இருக்கும். அறுந்ததை ஒட்டி ஒட்டி, கதாநாயகி ஒரு வாசலில் நுழைந்தால் அடுத்த கணம் அழுதுகொண்டிருப்பாள். ஏன் அழுகிறாள் என்பது வெட்டிப்போன துண்டில் இருக்கும். ஜனங்கள் வரவில்லை. ஊபிக் கிழங்கைத் தின்று உயிர் வாழ்கிறவனுக்கு வாயாங் படம் எதற்கு? பல நாள் காலி நாற்காலிகளுக்கு உன் அப்பா படம் ஓட்டினார். உனக்கு அந்த வேலை தெரியும், அதனால் இதைப் புரிந்துகொள்வாய் என்று நினைக்கிறேன். அவருக்குப் பசி தாங்கியது. காலிக் கொட்டகைதான் தாங்கவில்லை. மெஷின் அறை ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கும்போது தலைகள் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்தத் தொழிலில் இருந்தார். சிரிக்கிற இடத்தில் சிரிப்பு வராவிட்டால் மெஷின் சத்தம் மட்டும் கேட்கிறது, அது பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறது என்று ஒருமுறை சொன்னார்.

அப்படி இருக்கும்போதுதான் ஜப்பான் அதிகாரியின் மொழிபெயர்ப்பாளன் வந்து சொன்னான்: தமிழர்களுக்கு ஓர் இலவசப் பகற்காட்சி. தோட்டத்து ஆட்களும் வரலாம், டவுன் ஆட்களும் வரலாம். நல்ல பிரதியாக ஒரு சிரிப்புப் படம் தருவார்கள். சங்கம் தமுக்கடித்து ஊருக்குச் சொல்ல வேண்டும். காட்சி தொடங்கியதும் பக்கக் கதவுச் சாவிகளை அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அன்று சங்கக் கூட்டத்தைக் காலிக் கொட்டகைக்குள்ளேயே வைத்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா எழுந்து முதலில் பேசினார். அத்தனை வருஷத்தில் அவர் முதலில் பேசியதை நான் அன்றுதான் பார்த்தேன். “நான் சரின்னு சொல்லிட்டேன். கொட்டகை நெறையப் போவுது” என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாருக்கும் எதுவும் சொல்ல மனம் வரவில்லை. எனக்கும்தான்.

ஒருவர் மட்டும் வாயைத் திறந்தார். நம் பக்கத்து வீட்டு ஆறுமுகம். பல தலைமுறைகளாக இங்கேயே ஊறிப்போன செட்டி கம்போங்கைச் சேர்ந்தவர், கொட்டகையின் வாசல்காரர். அவர்களுக்குத் தமிழ் அவ்வளவாக வராது, மலாய்தான். “வாயாங் பெர்ச்சுமா, குஞ்சி பூவாட் அப்பா?” என்று பாதிக் கேலியாகக் கேட்டார். படமே இலவசம், அப்புறம் பூட்டு எதற்கு? எல்லாரும் சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். “ஃப்ரீன்னா கூட்டம் கூரைமேல ஏறி வரும் லா. உள்ள நெறஞ்சப்புறம் வெளிய உள்ளவன் இடிக்காம இருக்கத்தான்” என்றார். ஆறுமுகம் தோளைக் குலுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டிக்கட் இல்லாமல் யாரும் நுழையக்கூடாது என்பதற்காகத்தான் கதவு பூட்டுவது என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அதை எதிர்த்துத்தான் அந்தச் சங்கமே பிறந்தது. டிக்கட்டே இல்லாத காட்சிக்கு யார் நுழையாமலிருக்கப் பூட்டுகிறார்கள்? பூட்டு வெளியே இருப்பவனுக்கு இல்லையென்றால் உள்ளே இருப்பவனுக்குத்தான். இப்போது எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பார். அன்று அந்த ஒரு படி எங்களில் ஒருவருக்கும் எட்டவில்லை. கொட்டகைக்காரர்களாக இல்லாவிட்டால் எட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். நிறைந்த கொட்டகை என்ற சொல் காதில் விழுந்ததும் வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தப் பகற்காட்சிக்கு நானும் போனேன். ஆறுமுகத்தின் மனைவி தெய்வானை, தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு என்னோடு வந்தாள். ஆறுமுகத்துக்கு அன்று வாசல் முறை இல்லை, பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகள் திரைக்குப் பக்கத்துப் பெஞ்சுகளுக்கு ஓடிவிட்டார்கள், நாங்கள் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தோம். கொட்டகை நிறைந்து வழிந்தது. தோட்டத்திலிருந்து நடந்தே வந்தவர்கள் துவைத்த வேட்டியும் எண்ணெய் வைத்த தலையுமாக இருந்தார்கள். ஒருவருக்கொருவர் எத்தனையோ நாளாகப் பார்க்காதவர்கள் போலப் பேசிக்கொண்டார்கள். படம் தொடங்கியது. பெண்டாட்டிக்குப் பயந்து நெல் குதிருக்குள் ஒளிந்துகொள்ளும் ஒருவனைப் பற்றிய படம். நான் வயிறு நோகச் சிரித்தேன். அவ்வளவு காலம் கழித்து அப்படிச் சிரித்தேன்.

நம் கொட்டகையில் ஒரே மெஷின் என்பது உனக்குத் தெரியும். ஒரு ரீல் முடிந்தால் விளக்குப் போடுவார்கள், அடுத்த ரீல் ஏறும்வரை ஜனங்கள் எழுந்து நீட்டி முடக்குவார்கள், விசிலடிப்பார்கள். அன்று முதல் ரீல் முடிந்தது, விளக்கு வரவில்லை. இருட்டில் காத்திருந்தோம். பின்னால் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாரோ, “ஏய், லைட்டப் போடுங்கடா” என்றான். யாரோ சிரித்தார்கள். நான் பார்த்த எந்த நாளையும்விட வேகமாக அடுத்த ரீல் ஏறிப் படம் தொடங்கிவிட்டது, ஜனங்கள் மறுபடியும் திரையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். பின்வரிசையில் சிப்பாய்கள் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பாஸ் காட்டச் சொல்கிறார்கள் என்றுதான் அந்த ஆட்களும் நினைத்து எழுந்து போனார்களாம். வெளியே லாரி நின்றது. வாசலில் நின்ற நம் சங்கத்து ஆட்களைத்தான் முதலில் ஏற்றியிருந்தார்கள். அவர்கள் யாரையாவது எச்சரித்துவிடக் கூடாது என்று. ஒவ்வொரு ரீலுக்கும் அதே இருட்டு, அதே பூட்ஸ், பிறகு படம். முன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சிரிப்பு வரவர மெலிந்துகொண்டே வந்தது. கீச்சுக்குரலாகிக்கொண்டே வந்தது. கனத்த குரல்கள் அதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் நாற்காலிகள்தான் இருந்தன.

கடைசியில் விளக்கு வந்தபோது பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். இடையில் வாழையிலைத் துண்டில் சுருட்டிக் கொண்டுவந்த அவித்த ஊபி, பாதி தின்றபடி. சிப்பாய்கள் பக்கக் கதவைத் திறந்து எங்களைப் போகச் சொன்னார்கள். யாரும் மிதிபடவில்லை. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உன் அப்பாவுக்கு எப்போது தெரிந்தது? முதல் ரீல் முடிவதற்கு முன்பே. மெஷின் அறை ஜன்னலிலிருந்து எல்லாம் தெரியும். அறை வாசலில் ஒரு சிப்பாயை நிறுத்தியிருந்தார்கள், விளக்குப் போடக்கூடாது என்று உத்தரவு. ஆனால் விசை அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு முறை தட்டினால் போதும். “ஏன் போடலை?” என்று நான் கேட்டேன். கேட்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. அவர் உடனே சொன்னார், அதைத் தவிர வேறு எதையும் அவர் அதுவரை யோசிக்கவில்லை என்பதுபோல. “லைட்டு போட்டா எல்லாரும் எந்திரிப்பாங்க. எந்திரிச்சா கதவுக்கு ஓடுவாங்க. கதவு பூட்டியிருக்கு. பிள்ளைங்க முன்னால. நான் அதப் பாத்தவன். இன்னொரு தடவ பாக்க முடியாது.” பிறகு, “கூட்டம் பதறக்கூடாதுன்னா படம் நிக்கக்கூடாது. நாங்க படிச்சது அதானே” என்றார். தம்பி, அவர் ஆள் பிடித்துக் கொடுத்தாரா? இல்லை. ஆள் பிடிக்கிறார்கள் என்று தெரிந்த பிறகும் அவர்களுக்குத் தோதாகப் படம் ஓட்டினாரா? ஓட்டினார். எதற்காக ஓட்டினார் என்பது எனக்குத் தெரியும். அதனால் யாருக்கு லாபம் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பதிலாக்க நான் எவ்வளவோ முயன்றுவிட்டேன். சேரவில்லை. உனக்குச் சேர்ந்தால் எனக்கு எழுது.

அதற்குப் பிறகு பெண்கள் நம் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். சிலர் திட்டினார்கள். உன் அப்பா அதிகாரியின் ஆபீசுக்குப் போய், சங்கத்துத் தலைவன் என்று சொல்லி, எங்கள் ஆட்களையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். அறைந்து அனுப்பினார்கள். வீங்கிய கன்னம் வடிந்ததும் மறுபடி போனார். அங்கே உள்ள காவலாளிக்கு அவர் முகம் பழகிப்போய், இவரைக் கண்டாலே கையை ஓங்கிக்கொண்டு எழுவானாம். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், இந்தத் தலைவர் பதவியை விட்டுத் தொலையுங்கள், நம்மை இத்தோடு விடட்டும் என்றேன். “நான் வெலகிட்டா இந்தப் பொம்பளைங்க யாரத் திட்டுவாங்க?” என்றார். “அவங்களுக்குத் திட்ட ஒரு ஆள் வேணும். அதிகாரியத் திட்ட முடியாது. நான் இருக்கேன்ல.” அதைத் தியாகம் என்று எழுதிவிடாதே. அந்த நாற்காலியில் இல்லாமல் எப்படி உயிரோடு இருப்பது என்றும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டும்தான். காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. உனக்குச் செய்தி அனுப்ப வழியில்லாமல் நாங்களே எடுத்தோம். கொள்ளி வைத்தது, அன்று வேறு கொட்டகையில் வேலையில் இருந்ததால் தப்பிய கோவிந்தசாமி. அந்த நன்றிக்கடன் அவரிடம் நமக்கு உண்டு, அதை மறந்து நான் இனி வருவதை எழுதவில்லை.

இப்போது ஜப்பான் கொடி இறங்கிவிட்டது. தவுக்கேமார்கள் திரும்பி வருகிறார்கள், அவரவர் ஆட்களோடு. கதவுகளை மறுபடியும் பூட்டப்போகிறார்கள் என்று பேச்சு. அதனால் உடனே ஒரு தலைவர் வேண்டும் என்கிறார் கோவிந்தசாமி. நேற்று வீட்டுக்கு வந்து, “அவரு மவன்னு சொன்னா தவுக்கே எந்திரிச்சு நிப்பாரு, அக்கா. பையன் கையில மெஷின் வேல இருக்கு, படிப்பு இருக்கு. இந்த வாரமே கூட்டம் போட்டுக் கைதட்டி முடிச்சிரலாம்” என்றார். “சயாமிலிருந்து நம் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்களே, அவர்களும் வந்த பிறகு வைக்கலாமே” என்றேன். “அவங்க பாவம், ஒடம்பு தேறட்டும். அவங்கள ஏன் இப்ப இதுல இழுக்கணும்?” என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். “அவங்க வந்தா அன்னிக்கு நடந்ததக் கேப்பாங்கன்னுதானே, கோவிந்தசாமி?” என்றேன். “கேட்டா நாம என்னக்கா சொல்றது? அண்ணன் மட்டுமா, நாங்க எல்லாரும்தானே அந்தக் கூட்டத்துல சிரிச்சோம்.” அவர் சொன்னதில்தான் எனக்குப் புரிந்தது. உன்னை அவர்கள் கூப்பிடுவது கதவுக்காக மட்டும் இல்லை. உன் அப்பா பெயரை மறுபடி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால், அந்தக் கேள்வியை இனி யாரும் கேட்க முடியாது. நீ அவர்களுக்கு ஒரு நல்ல மூடி.

அவர் போனதும் முதலில் நான் தெய்வானையிடம் போனேன். ஆறுமுகம் திரும்பவில்லை. வந்தவர்கள் யாரும் அவரைப் பார்த்ததாகச் சொல்லவும் இல்லை. அவளுக்கும் எனக்கும் பேச்சு மலாயில்தான். என் பையனைத் தலைவராக்கப் பார்க்கிறார்கள், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. “விளக்கைப் போட்டிருந்தால் என் பிள்ளைகள் மிதிபட்டிருப்பார்கள், அக்கா. போடாததால் என் வீட்டுக்காரர் இல்லை. இதில் எதற்கு நான் கோபப்படுவது என்று நீங்களே சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன்” என்றாள். பிறகு முறத்தைத் தட்டிக்கொண்டே, “உங்கள் மகனாவது கேட்கட்டும், யாரும் என்னை ஒன்றும் கேட்டதில்லை” என்றாள்.

அதன் பிறகு புக்கிட் பாருவுக்கு நடந்தேன். வேலாயுதம் அங்கே தங்கை வீட்டில் இருக்கிறார். அன்று பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர். தான் எழுதிய பலகையைப் பார்த்து எவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்று அங்கிருந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்கும். சயாமிலிருந்து திரும்பியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு கால் முழுக்கப் புண், துணி சுற்றியிருந்தது. “வாங்க டீச்சரம்மா. பயப்படாதீங்க, கடிக்க மாட்டேன், பல்லு இல்ல” என்றார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். “மொத லைட்டுலயே நான் மதிலேறிக் குதிச்சிருப்பேன்” என்றார். “குதிச்சு ஓடியிருப்பேன். எனக்கு அப்ப ரெண்டு காலும் நல்லா இருந்துச்சு. அண்ணன் போடல. அங்க காட்டுல கெடந்து தினம் அதான் நெனப்பேன். அந்த வெரலு ஏன் அசையல, ஏன் அசையலன்னு.” பிள்ளைகள் முன்னால் இருந்தார்கள், அவர் பழைய தீயை நினைத்துத்தான் என்று நான் தொடங்கினேன். “தெரியும். எனக்குத் தெரியாதா? அந்தக் கதவடியிலேருந்து பிள்ளைங்களத் தூக்குனது நானும்தான். தெரிஞ்சும்தான் கேக்கறேன்” என்றார்.

தங்கை சாயா கொண்டுவந்து வைத்தாள். வேலாயுதம் குடித்துவிட்டு, “பையன் வரட்டும்” என்றார். “நல்ல பையன். மெஷின்ல கை சுத்தம். ஆனா கைதட்டி உக்கார வெக்கறத நான் விட மாட்டேன். நான் எதுத்து நிப்பேன்.” இந்தக் காலோடு எப்படி நிற்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். “நாற்காலிக்குத்தானே நிக்கிறேன், உக்காந்துக்கிட்டே நிப்பேன்” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, “எல்லாரும் இருக்கட்டும். வர முடிஞ்சவங்க எல்லாம் வரட்டும். அன்னிக்கு நடந்தத நான் கேக்கறேன், அவன் பதில் சொல்லட்டும். அவன் சொல்றதும் நான் சொல்றதும் கேட்டுட்டு ஜனங்க கையத் தூக்கட்டும். இத்தன வருஷத்துல நம்ம சங்கத்துல ஒரு தடவயாவது ரெண்டு பேர் நின்னிருக்கமா?” என்றார்.

தம்பி, திரும்பி வரும் வழியிலேயே கோவிந்தசாமி வீட்டுக்குப் போய், சயாமிலிருந்து வருகிறவர்கள் வந்து சேரும்வரை கூட்டம் கூடாது, அதற்குமுன் என் மகன் பெயரைச் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்தேன். அவர் கோபமாக இருக்கிறார், தவுக்கே முந்திக்கொள்வார் என்கிறார். ஒருவேளை அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். கதவுகள் பூட்டப்படலாம். அதற்கான பழி இனி என்மேல்.

ஆகவே நீ வா. வேலாயுதத்துக்கு எதிராக, எல்லாரும் பார்க்க நில். அவர் கேட்கும்போது உன் அப்பாவைக் காப்பாற்றப் பார்க்காதே, விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். நான் இங்கே எழுதியதை அப்படியே சொல். தெய்வானையைக் கேள், அங்கே வரும் மற்றப் பெண்களையும் கேள். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல். தோற்றால் மெஷின் வேலைக்குப் போ, அவர் சொல்கிறபடி கேட்டு நட. எனக்கு அந்தச் சங்கத்தில் ஓட்டு இல்லை. விதிகளை எழுதியபோது பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. இருந்திருந்தால் யாருக்குக் கை தூக்கியிருப்பேன் என்று நீ கேட்பாய். கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். வேலாயுதத்துக்குத்தான் தூக்கியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டே நீ வர வேண்டும்.

உன் அம்மா